மீன் இல்லாத மீன்தொட்டி

குளியலறையில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் நான் அம்மாவின் அறைக்குள் போய் அவளுடைய பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து கொடுத்திருந்தேன். அதில் மூக்குக்கண்ணாடிக் கூடும் ஒரு சால்வையும் மட்டும் இருந்தன, மற்றதெல்லாம் பெட்டிக்குள். உடுத்தினதைத் துவைத்து, காயவைத்து, கத்தி மாதிரி மடிப்பெடுத்து, மறுபடி பெட்டிக்குள்ளேயே வைக்கிற மனுஷியை என்ன செய்வது? ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி என் அம்மா என் வீட்டில் இருந்தாள்.

அவள் குடியிருந்த கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தபோது, "கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்" என்றுதான் வந்தாள். அந்தக் "கொஞ்ச நாள்" எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவள், கடைசியில் சூப்பர்வைசர். அங்கே கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி இப்போது வயதானவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருக்கிறாள். அங்கே ஒரு அறை காலியாகப் போகிறது என்று அடிக்கடி போன் வந்துகொண்டிருந்தது. போன் அடித்தாலே கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். அம்மா போய்விடுவாள் என்று பயந்தேன். அப்பா இறந்தபிறகு தனியாகவே இருந்து பழகியவள், இன்னொரு முறை போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரு என்று கெஞ்சினால் அன்றைக்கே கிளம்பிவிடுவாள் என்பதும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் பார்க்கிற கட்டிடம் ஒன்றில் ஆபீஸைக் காலி செய்தவர்கள், தூக்கிப்போக முடியாமல் தொட்டியை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஹாலில் ஷூ வைக்கிற ஸ்டாண்டை நகர்த்திவிட்டு அங்கே வைத்தார். மீன்கடைக்காரர், "மொதல்ல செடி நல்லாப் பிடிக்கட்டும் சார், அப்புறமா மீன் வாங்கிக்கலாம்" என்று சொல்லி, கிரிப்ட் என்று ஏதோ பெயர் சொல்லி, பச்சையும் பழுப்புமாக நீள இலைகள் உள்ள செடிகளைக் கொடுத்தனுப்பினார். இலைகள் பளபளவென்று, இப்போதுதான் பாலிஷ் போட்டதுபோல இருந்தன. கூழாங்கல்லுக்குள் வரிசையாக நட்டார், விளக்குப் போட்டார், தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஸ்பாஞ்சு ஃபில்டரை ஒரு மூலையில் ஓடவிட்டார். எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மீன் எங்கங்க?" என்று கேட்டாள். "லீவுல போயிருக்கு" என்றார். செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு நத்தை மட்டும் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லா இடத்தையும் சுற்றிப் பார்ப்பதால் அதற்கு "மேனேஜர்" என்று பெயர் வைத்தார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, இலைகள் சுருண்டன. ஓரமெல்லாம் கண்ணாடிபோல ஆகி, பிறகு கொழகொழவென்று கரைந்தன. இவர் கடைக்காரரைத் திட்டினார், தண்ணீரைத் திட்டினார், விளக்கைப் பகல் முழுக்க எரியவிட்டுப் பார்த்தார். அதற்குக் கண்ணாடியில் பாசி பிடித்ததுதான் மிச்சம். அம்மா எதுவும் சொல்லவில்லை. மருமகன் பொருளைப் பற்றி மாமியார் கருத்துச் சொல்லக்கூடாது என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள். இவரும் அவளும் பேசிக்கொள்வதைக் கேட்டால் இரண்டு பேங்க் அதிகாரிகள் பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

"அத்தை, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் மாப்பிள்ளை."

"ரூம்ல ஃபேன் சரியா சுத்துதா?"

"நல்லாவே சுத்துது மாப்பிள்ளை."

காலையில் நான் கேட்பேன், சாயங்காலம் இவர் கேட்பார். ஒரு நாள் அம்மா என்னிடம், "ஆஸ்பத்திரில நர்ஸுகூட இத்தனை தடவை கேக்கமாட்டாங்கடி" என்றாள். நான் சிரித்துவிட்டு, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டேன்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஹால் சோபாவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். இவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு அம்மா சமையலறையிலிருந்து ஒரு பேசினோடு வந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்தாள்போல. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பேசினில் போட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். இலையில் படிந்திருந்த பழுப்பைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பில் கறையெடுக்கிற அதே கை. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் விட்டுவைக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்தாள். பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே நட்டுவிட்டு, தரையில் சிந்தின தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனாள். தினமும் செய்கிற காரியம் என்று அந்த வேகத்திலேயே தெரிந்தது.

காய்ச்சலில் கண்டதையெல்லாம் பார்க்கிறேனோ என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் இவர் வந்தார். கைகால் கழுவினார், டீ குடித்தார். அம்மா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். இவர் வேலைப் பையிலிருந்து டார்ச்சையும் நீளமான இடுக்கியையும் எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் மண்டியிட்டார். ஒரு செடியைப் பிடுங்கினார், வேரை விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மறுபடி செருகினார். அடுத்தது. அதற்கடுத்தது. இவர் சுபாவமே அது. பூட்டின பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். கேட்டால், "ஆள் ஏறுற சாமான் பாக்கறவன். நம்பறது வேற, செக் பண்றது வேற" என்பார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"வேர் பிடிச்சுதான்னு பாக்கறேன்."

"தினமும் பாக்கறீங்களா?"

"பாக்காம எப்படித் தெரியும்?"

துணிக்கூடையோடு அம்மா வாசலில் நின்றாள். இவர் கையில் செடி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒரே சமயத்தில் பொத்துக்கொண்டு வந்தன. போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "காலையில அம்மா பிடுங்கிக் கழுவறா, சாயங்காலம் நீங்க பிடுங்கிப் பாக்கறீங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு? ரெண்டு பேருமா சேந்துதான் அதைக் கொல்றீங்க!"

இவர் கையிலிருந்த செடியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"அத்தை, நீங்களுமா?" என்றார் இவர்.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "அழுக்கா இருந்துச்சு மாப்பிள்ளை. கண்ணுல பட்டா கை சும்மா இருக்கமாட்டேங்குது."

இவர் செடியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் கூடையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரே கேஸில் மாட்டிய இரண்டு பேர் மாதிரி நின்றார்கள். அம்மா வந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் நிஜமான சிரிப்பு அது. எனக்குக் காய்ச்சல் பாதி இறங்கினது மாதிரி இருந்தது.

அப்போதே கடைக்காரருக்குப் போன் போட்டு, மூன்று பேரும் கேட்கும்படி வைத்தார் இவர். நடந்ததைச் சொன்னதும் அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "சார், அந்தச் செடியை வெளியில காத்துல வளத்துக் கொண்டாந்து விக்கறாங்க. அந்த இலைக்குத் தண்ணிக்குள்ள இருக்கத் தெரியாது, கரைஞ்சுதான் போவும். போனா போவட்டும். வேர் இருந்தா, தண்ணிக்குள்ள இருக்கறதுக்குன்னு வேற இலை விடும். அழுகின இலையை மட்டும் வெட்டி எடுங்க. செடியைத் தொடாதீங்க."

"எத்தனை நாள்ல விடும்?" என்றாள் அம்மா.

"அதைச் செடிகிட்டதான் கேக்கணும்மா. ஆனா கேட்டுக்கிட்டே இருக்காதீங்க."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். தொட்டிக்குள் யாரும் தனியாகக் கை விடக்கூடாது. கடைக்காரர் சொன்னபடி வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றவேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டாமல், எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசவேண்டும். நல்லது செய்கிற கிருமிகள் அதில்தான் குடியிருக்கின்றனவாம். அம்மாவுக்கு இது பெரிய தண்டனை. கலங்கின தண்ணீரில் ஸ்பாஞ்சை முக்கியெடுத்துவிட்டு, "அழுக்குலயே அலசு, அழுக்கோடயே வையிங்கறான். நான் சூப்பர்வைசரா இருந்தப்ப எவளாவது இப்படி அலசியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்று முணுமுணுப்பாள். இவர் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க அத்தை, கண்ணை மூடிட்டு அலசுங்க" என்பார். விளக்குக்கு நேரம் குறித்துத் தானாக அணையும்படி ஒரு கருவி மாட்டினார். மாட்டின பிறகு அது அணைகிறதா என்று பார்க்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது வேறு விஷயம்.

இலைகள் எல்லாம் போயின. அம்மா சின்னக் கத்தரிக்கோலால் அழுகியதை மட்டும் வெட்டி எடுப்பாள், வேரடி அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் கல்லும் தண்ணீரும் மேனேஜரும் மட்டும் மிஞ்சினார்கள். அங்கங்கே கல்லுக்கு மேல் நகமளவு குச்சிகள் தெரிந்தன. எதிர் வீட்டுக்காரி மறுபடி வந்து, "இப்ப செடியும் லீவா?" என்றாள்.

தோழி போன் செய்தாள். அறை காலியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொல் என்றாள். அம்மா எங்கள் இருவரிடமும் வெயிலடிக்கிறது, மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவிடம், "இங்க உனக்கு ஏதாவது குறையாம்மா?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேட்க வந்ததை விட்டுவிட்டேன். "போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றேன். அதைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன். நானும் அவள் பெண்தானே.

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போனாள். கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர் சொன்னதற்கு, "எனக்கு பஸ் ஏறத் தெரியும் மாப்பிள்ளை" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் பெட்டியைத் தூக்கப் போனேன், அறையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தாள். என் வீட்டில், நான் கொடுத்த அறையை! எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியுமோ.

வெயில் தாழ்ந்தபிறகு திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள். "ரூம் நல்லா இருக்கு. பெரிய ஜன்னல். முடிவை நிதானமாச் சொல்லுன்னாங்க" என்றாள். நேராகத் தொட்டி முன்னால் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "மாப்பிள்ளை, உங்க டார்ச்சை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

இவர் ஓடினார். நானும் பின்னால் போய் நின்றேன். மூலையில், இரண்டு கல்லுக்கு நடுவில், செத்துப்போனதென்று நாங்கள் விட்டுவிட்ட குச்சியிலிருந்து ஒரு இலை வந்திருந்தது. கடையில் வாங்கின பளபளப்பு இலை இல்லை இது. ஒல்லியாக, பழுப்பு நிறத்தில், ஓரம் அலையலையாக இருந்தது. ஃபில்டர் தண்ணீரைத் தள்ளும் பக்கமெல்லாம் வளைந்து கொடுத்து ஆடியது. இவர் கை தானாகவே தொட்டியின் விளிம்புக்குப் போயிற்று.

"கையை எடுங்க" என்றாள் அம்மா.

எடுத்துவிட்டார். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் அம்மா குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. அறைக்கதவு திறந்தே இருந்தது, சும்மா சாத்தக்கூட இல்லை. உள்ளே போனேன். பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் படுக்கவைத்திருந்தாள். அதன் மேல் பழைய துண்டு ஒன்றை நான்காக மடித்து விரித்து, தொட்டிக்கான சின்னக் கத்தரிக்கோலையும், பாசி தேய்க்கிற பிரஷையும், பிழிந்த துணியையும் காயவைத்திருந்தாள். துண்டின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு பெட்டியின் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து கைப்பிடியைப் பிடித்தேன். கொஞ்சம் தூக்கினால் போதும், காலியா நிறைந்ததா என்று கைக்குத் தெரிந்துவிடும். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹாலில் தொட்டி விளக்கு தானாக அணைந்தது.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கைப்பிடி மெல்லச் சாய்ந்து பெட்டியோடு படுத்துக்கொண்டது.