இஸ்தோப்பில் எண்ணெய்க் கறை

அழகுமுத்துவுக்கு அந்த மோட்டார் சைக்கிள் வாய்த்தது யோகமா, சனியனா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன வண்டி. மலையகத்து அட்டன் நகரக் கடைவீதியில் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த நஸார் அதைத் தட்டிக்கொட்டித் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குக் கொடுத்தார். சங்கத்துப் பிரதிநிதி அழகுமுத்து தோட்டம் தோட்டமாக அலைவது அதில்தான். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எண்ணெய் ஒழுகியது. எங்கே ஒழுகுகிறது என்றுதான் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை.

மேல் மூடி என்றார் நஸார். மாற்றினார்கள், ஒழுகியது. கியர் பெட்டி என்றார் ஒரு லொறிக்காரர். முறுக்கினார்கள், ஒழுகியது. எஞ்சின் முழுக்கப் பிசுபிசுப்பு, எதைத் தொட்டாலும் கை கறுப்பு. இந்த அழகில் எதை என்று சந்தேகிப்பது?

அதுவாவது தொலையட்டும். இன்னொரு குழப்பம் அவன் தூக்கத்தையே கெடுத்தது. மேல்மலைத் தோட்டத்துக்குள் சங்கத்து ஆள் கால்வைக்கக்கூடாது என்பது அங்குள்ள துரையின் கட்டளை. அதனால் பொழுது சாய்ந்து பனி மூடியதும், எஞ்சினை நிறுத்தி, இறக்கத்தில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போவான். வண்டி மழையில் நனையாதபடி வீட்டு முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பேசுவான். விடிந்ததும் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு அதே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவார். வீரம்மாவுக்கு அப்படித்தான் போயிற்று. பிறகு கந்தப்பனுக்கு, பிறகு வீரய்யாவுக்கு. பார்த்தவர் யாருமில்லை. பின்னே யார் சொன்னது?

இவர்களெல்லாம் இருந்த தோட்டத்துச் சங்கக் கமிட்டியில் மிச்சமிருந்தவன் மூக்கன் ஒருவன்தான். அவன் மட்டும் தினமும் வேலைக்குப் போனான். ஊர் வாய்க்கு அது போதாதா? மலைத்தண்ணீர் கொட்டும் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிக்க அவன் பெண்டாட்டிக்கு யாரும் இடம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவனைச் சங்கத்திலிருந்து நீக்குவதென்று பேச்சு. மூக்கன் வேறு யாருமல்ல, அழகுமுத்துவின் மனைவி ராக்காயியின் கூடப்பிறந்த அண்ணன். அழகுமுத்துவுக்கு மச்சானைச் சந்தேகிக்க மனசு வரவில்லை, நம்பவும் தைரியமில்லை. ராக்காயி சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த நஸார், எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மேலெல்லாம் கோதுமை மாவைத் தூவினார். ரொட்டி சுடப்போகிறீர்களா என்று அழகுமுத்து கேட்டான். ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். ஓட்டி வந்து பார்த்தால் மாவு வெள்ளை வெளேரென்று இருந்தது. அழகுமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினால், வண்டிக்கு அடியில் விரித்திருந்த பேப்பரில் கறுப்பாக ஒரு வட்டம். எஞ்சினின் அடி நட்டைச் சுற்றி மட்டும் மாவு நனைந்திருந்தது.

"மரை தேஞ்சிருக்கு, தலைவரே. சூடேறி நின்னாத்தான் சொட்டுது. நின்ன எடத்துல மட்டும் அடையாளம் வச்சிருது," என்றார் நஸார். புது நட்டு திங்கட்கிழமைதான் வருமாம்.

நின்ன எடத்துல. அழகுமுத்து அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்தான். வீரம்மா தன் இஸ்தோப்புக் கறையைத் திட்டிக்கொண்டே அதன்மேல் சாம்பலைக் கொட்டியது நினைவுக்கு வந்தது. விடியுமுன் லயத்தைச் சுற்றிவரும் எந்தத் தோட்டக் காவல்காரன் கண்ணிலும் அந்தக் கறை படுமே! மூக்கன் இருப்பது மேல் லயம். படிக்கட்டில் வண்டி ஏறாது என்று அவனே கீழே இறங்கி வருவான். அவன் வாசலில் வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. காட்டிக்கொடுத்தது மச்சானில்லை, தான் ஏறிவந்த வண்டி. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

அன்று மாலையே போய் முதலில் வீரம்மாவிடம் சொன்னான். மச்சானைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்று அவள் கதவைச் சாத்தினாள். படியேறிப் போய் மூக்கனிடமும் சொன்னான். திட்டுவான் என்று எதிர்பார்த்தான். மூக்கன் படிக்கட்டுக்குக் கீழே நின்ற வண்டியை எட்டிப் பார்த்தான்.

"இன்னும் ஒழுகுதா, மாப்புள?"

"ஒழுகுது மச்சான்."

மூக்கன் கீழே இறங்கி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்தான். அழகுமுத்துவை முன்பக்கம் பிடிக்கச் சொன்னான். இருவரும் மூச்சிரைக்க அதைப் படிப்படியாகத் தூக்கி, மேல் லயத்து இஸ்தோப்பில் நிறுத்தினார்கள்.

"நாளைக்கு உங்க வேலை போயிரும் மச்சான்," என்றான் அழகுமுத்து. தடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"போகட்டும். எம் பொண்டாட்டி பீலிக்குப் போகணும்."

எண்ணெய் சொட்டி முடியும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கு மூக்கனுக்கு வேலை இல்லை என்றார். சேதி அட்டனுக்கு வந்தபோது அழகுமுத்து வாய்விட்டுச் சிரித்தான். பிறகு ஏன் சிரித்தோம் என்று திகைத்தான். கூடவே இன்னொரு சேதியும் வந்தது. பீலியில் வீரம்மா தன் குடத்தைத் தானே நகர்த்தி, மூக்கன் பெண்டாட்டிக்கு இடம் விட்டாளாம்.