நாலு பிரேம் வித்தியாசம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததில்லை. ஒரு கடையில் பொறுக்கியது. என் கம்ப்யூட்டர் விசிறி கரகரவென்று கத்துகிறதே என்று பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே தலை நரைக்கத் தொடங்கிய இரண்டு பேர், கிராபிக்ஸ் கார்டுக்காகச் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விலை கூடிய கார்டின் கட்சி. மற்றவர் விலை குறைந்ததன் கட்சி. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் நாலே நாலு பிரேம்.

(கேம் ஆடாத வாசகருக்கு: கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் செங்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு திரைக்குப் படம் வரைந்து தள்ளும் சமாசாரம். விநாடிக்கு எத்தனை படமோ அத்தனை பிரேம். நூறுக்கும் நூற்று நாலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் ஏராளம்.)

"சரி, நீங்க ரெண்டு பேரும் எதை வாங்கப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நாங்கதான் ஏற்கெனவே வாங்கிட்டோமே!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வீடு வந்து சேர்வதற்குள் கதை கிடைத்துவிட்டது. விசிறி இன்னும் கத்துகிறது.

2

தொடக்கம் இரண்டு எழுதினேன். நீங்களே பாருங்கள்.

அ) மேஜை மேல் இரண்டு கார்டுகள். தராசு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தான். மாலைக்குள் ஒன்று ஜெயிக்க வேண்டும். ஒன்று தோற்றாக வேண்டும்.

ஆ) மேஜை மேல் இரண்டு கார்டுகள். தராசு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தான். மாலைக்குள் ஒன்று ஜெயிக்க வேண்டும். ஒன்று தோற்றாக வேண்டும்.

'அ' கொஞ்சம் இழுக்கிறது. 'ஆ'வில்தான் அந்த விறுவிறுப்பு இருக்கிறது. 'ஆ'வையே வைத்துக்கொள்கிறேன்.

3

தராசு என்பது பட்டப்பெயர். கம்ப்யூட்டர் சாமான்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, எது மேல் என்று வீடியோவில் தீர்ப்புச் சொல்வது அவன் பிழைப்பு. இதுவரை எந்தத் தீர்ப்பும் பிசகியதில்லை. அதனால் ரசிகர்கள் வைத்த பெயர். இந்த வாரத் தீர்ப்பு வரட்டும் என்று கார்டு வாங்காமல் காத்திருக்கிற கூட்டம் பெரியது.

இரண்டும் ஒரே கம்பெனிக் கார்டுகள். ஒரே சிப், ஒரே கறுப்பு உடம்பு, மூன்று மூன்று விசிறிகள். ஒன்று சாதா. இன்னொன்றைத் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் முடுக்கிவிட்டு 'சிறப்பு' என்று பெட்டியில் எழுதி, விலையையும் முடுக்கியிருந்தார்கள். சிறப்புக்கு அண்ணன் என்றும் சாதாவுக்குத் தம்பி என்றும் தராசு பெயர் வைத்தான்.

காலையில் அண்ணனைச் சொருகி ஐந்து கேம்கள் ஓட்டினான். கழற்றி மேஜையில் தம்பிக்குப் பக்கத்தில் வைத்தான். அழைப்பு மணி அடித்தது. கூரியர். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். மதியம் அடுத்ததைச் சொருகி அதே ஐந்து கேம்கள். எல்லாவற்றிலும் நாலு பிரேம் குறைவு.

கேமரா முன் உட்கார்ந்து முழங்கினான்: "தம்பி நல்லாத்தான் ஓடறான். ஆனா அண்ணன்கிட்ட ஒரு கம்பீரம் இருக்குங்க. கூட்டத்துல புகுந்து சுடும்போது கை விரலுக்கே அது தெரியுது!"

4

வீடியோவை வெட்டி ஒட்டுவது அவன் அக்கா. (முதலில் மனைவி என்றுதான் எழுதினேன். மனைவி இப்படித் திட்டினால் குடும்பக் கதையாகிவிடும். அக்கா திட்டினால் அது வெறும் பேச்சு.) மாலை வெளியாக வேண்டிய வீடியோ. மேஜைமேல் இருந்த தம்பியை அழகாக ஒரு படம் எடுக்கலாம் என்று தூக்கியவள், திருப்பிப் பார்த்தாள்.

"டேய், இவனுக்கு இன்னும் மூடியே கழட்டலையே."

"என்ன மூடி?"

"கேபிள் சொருகற ஓட்டையில ரப்பர் மூடி போட்டுத்தானே புதுசா வரும்? நாலும் அப்படியே இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே. இப்ப அதுக்கென்ன?"

"மதியம் பூரா கேபிளை எங்கடா சொருகின, மூக்குலயா?"

அவன் கண்கள் இருண்டன, பூமி பிளந்து

(வேண்டாம். தொடர்கதைப் பழக்கம், கை தானாக எழுதுகிறது.)

தராசு எழுந்து வந்து ஓட்டைகளை எண்ணுகிறவன் போல ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்தது அண்ணன். காலையிலும் அண்ணன், மதியமும் அண்ணன். கூரியருக்குக் கதவு திறந்துவிட்டு வந்தவன், இப்போதுதான் கழற்றி வைத்ததையே மறுபடி எடுத்துச் சொருகியிருக்கிறான். ஒரே சிப் என்பதால் திரையும் ஒரே பெயரைத்தான் காட்டியது.

"அப்ப அந்த நாலு பிரேம்?" என்றான் ஈனக் குரலில்.

"ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்த. ரூம் வெந்து போச்சு, கார்டு மூச்சு வாங்கியிருக்கு. அண்ணனைவிட அண்ணன் கம்பீரம்னு கால் மணி நேரம் பேசியிருக்கடா நீ!"

அக்கா சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது.

(நீங்களும் சிரிக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டாம் பகுதிக்குப் போய் 'அ'வையும் 'ஆ'வையும் மறுபடி படியுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். 'ஆ'வில் விறுவிறுப்பு என்று நான் சொன்னதும் லேசாகத் தலையாட்டினீர்களா இல்லையா? தராசை ஒன்றும் சொல்லாதீர்கள்.)

5

ஜன்னலைத் திறந்தார்கள். தம்பியின் மூடிகளைக் கழற்றி முறையாக ஓட்டினார்கள். பிறகு அதே காற்றில் அண்ணன். ஒவ்வொரு கேமிலும் முள் அசையவில்லை. இரண்டும் சமம்.

தராசுக்கு உயிர் வந்தது. "அப்ப வேலை முடிஞ்சுதுக்கா. வித்தியாசம் இல்லை, விலை குறைஞ்சதையே வாங்குங்கன்னு புதுசா பேசி ஒட்டிடலாம். பொய்யில்லையே?"

"பொய்யில்லை. அப்படியே கம்பீரத்தையும் சேர்த்துச் சொல்லிடு."

"விளையாடாத. அதைச் சொன்னா அப்புறம் எவன் என்னை நம்புவான்? ரெண்டு கார்டுல எது எதுன்னு தெரியாத தராசா?"

"பத்து வருஷமா கார்டைக் கையில வச்சிருக்கற உனக்கே இல்லாத வித்தியாசம் விரல்ல தெரிஞ்சுது பாரு. பார்க்கறவனுக்குச் சொல்ல வேண்டியதே அதுதான்டா. இல்லேன்னா நாளைக்கு அவன் விரலுக்கும் தெரியும்."

"நீ ஈஸியா சொல்லிடுவ. கிழியறது என் பேரு."

"ஆமா, உன் பேருதான். அதான் உன்னைக் கேட்கறேன். இல்லேன்னா நானே வெட்டி ஒட்டி விட்டிருக்க மாட்டேனா?"



6

முடிவுக்கு வந்தாயிற்று. ஒரு முடிவில் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். ரசிகர்கள் நெகிழ்ந்துபோய்க் கொண்டாடுகிறார்கள். எழுதிவிட்டுக் கிழித்தேன். அவ்வளவு நல்லவர்கள் இன்டர்நெட்டில் கிடையாது. இன்னொன்றில் மறைக்கிறான், எவனோ கண்டுபிடித்து மானத்தை வாங்குகிறான். அதையும் கிழித்தேன். உண்மையில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அக்கா வெளியே சொல்கிற ஆள் இல்லை.

அதுதான் சிக்கல். மாட்டிக்கொள்ளும் பயம் இருந்தால் முடிவு சுலபம். இங்கே அந்தப் பயமே இல்லை.

இப்போது அவன் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறான். முதல் வாக்கியமாக என்னிடம் இரண்டு இருக்கின்றன.

அ) "நண்பர்களே, இந்த ரெண்டு கார்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை."

ஆ) "நண்பர்களே, ஒரே கார்டுல நான் வித்தியாசம் கண்டுபிடிச்சேன்."

இரண்டும் உண்மை. ஒன்றைச் சொன்னால் நாளைக்கும் அவன் பெயர் தராசு. மற்றதைச் சொன்னால் என்ன பெயர் வைப்பார்களோ, எனக்குத் தெரியாது. எந்த வாக்கியத்தைப் போட்டாலும் அது என் குரலாகத்தான் கேட்கிறது, அவன் குரலாக இல்லை. ஆகவே என் கையை எடுத்துவிடுகிறேன்.

"ஓடுதுடா, பேசு" என்கிறாள் அக்கா.

தராசு உங்களைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டான். நீங்கள் ஒன்றை எடுத்துக் கொடுக்கும் வரை மூடவும் மாட்டான். சீக்கிரம், பார்க்கச் சகிக்கவில்லை.