அடிக்கக் கூடாதென்ற சட்டம்

கிழிந்த வலை பொத்திப் பொத்தி இடுப்பு விட்டுப் போயிருந்தது. என் மனிசன் கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போனால் கரை வேலை முழுக்க என் தலையில்தான். இந்த லட்சணத்தில் மாதா கோயில் வளவில் மாதர் சங்கக் கூட்டமாம். கைக்குழந்தை வின்சனை ஏணையில் போட்டு, எட்டு வயது மூத்தவள் யதுசாவைக் காவல் வைத்துவிட்டுப் போனேன்.

"தாய் தகப்பன் பிள்ளையளுக்கு அடிக்கக் கூடாதெண்டு சட்டம் வரவேணும். அடிச்சால் வழக்கு," என்றார் சங்கத் தலைவி விமலேஸ்வரி.

எனக்கு விசர்தான் வந்தது.

"ஓமோம், வழக்கு வையுங்கோ. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தால் பத்தைக்காடெல்லாம் வெடிக்காத குண்டு. என்ர மூத்தவள் அதுக்குள்ள இரும்பு பொறுக்கி வித்து, தோடம்பழ இனிப்பு வாங்கித் தின்னுறாள். அடிக்காமல் கொஞ்சிறதோ? உங்கட சட்டம் வந்து அவளின்ர கையைப் பிடிக்குமோ?"

"அடிச்சாப் பிறகு அவள் அதை விட்டவளோ, றோசம்மா?" என்று கேட்டார் விமலேஸ்வரி.

முந்தநாளும் பூவரசங்கம்பு முறிய அடித்திருந்தேன். அடித்து அடித்து எனக்கே அலுத்துவிட்டது.

திரும்பி வரும்போது யதுசாவின் கூட்டாளி சுமித்திரா எதிரே ஓடிவந்தாள்.

"மாமி, யதுசா ஒரு சாமான் கண்டெடுத்தவள். உருண்டையா, நல்ல பாரம். நீங்கள் அடிப்பீங்களெண்டு வீட்டுக்குள்ள ஒளிச்சுப்போட்டாள்."

மாதாவே! எப்படி வீடு வந்தேனோ தெரியாது.

யதுசா வாசலில் நின்றாள்.

"எங்கயடி வைச்சனி?"

என் கை தன்பாட்டில் கூரையில் செருகியிருந்த கம்புக்குப் போனது. அவள் உள்ளே ஓடப் பார்த்தாள். ஓடி அந்தக் குண்டின்மேல் விழுந்தால்? கையை இறக்கினேன்.

"அடிக்கமாட்டன் பிள்ளை, சொல்லு."

"முந்தியும் உப்பிடிச் சொல்லிப்போட்டு அடிச்சனீங்கள்."

உண்மைதான். உள்ளே வின்சன் சிணுங்கினான்.

"இனி அடிக்க ஏலாது பிள்ளை. விமலேஸ்வரி அன்ரி சட்டம் கொண்டு வந்திட்டா. அடிச்சால் அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போவினம்."

"உண்மையாவோ?"

"மாதாவாணை," என்று பொய்ச்சத்தியம் செய்தேன்.

"தம்பியின்ர ஏணைக்குக் கீழ. மண்ணுக்குள்ள."

மெல்லப் போய் வின்சனைத் தூக்கினேன். ஏணைக்குக் கீழே மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, யதுசாவையும் கூட்டிக்கொண்டு றோட்டுக்கு வந்துவிட்டேன். குண்டு எடுக்கிறவர்களைக் கூட்டிவரச் சுமித்திராவின் தகப்பன் சைக்கிளில் பறந்தார்.

வேலியோரம் குந்தினேன். யதுசா தள்ளியே நின்றாள்.

"அம்மா, அந்தச் சட்டம் நாளைக்கும் இருக்குமோ?"

"இருக்கும். வா."

முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகுதான் பக்கத்தில் வந்து இருந்தாள்.