அவளைப் பற்றி நான் சொல்கிறேன்

புனேயில் ஆளந்தி ரோட்டில் இருந்த டார்ச் கம்பெனி மூடி ஐந்து மாதமாகிவிட்டது. ஏரவாடாவின் பெட்டிக்கடைகளில் எல்லாம் சீன டார்ச் சரம் சரமாகத் தொங்கியது. அந்த விலைக்கு இங்கே பல்புகூட வாங்க முடியாது என்று சொல்லி முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். லைனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பூட்டிய சாந்தகுமாரியும் மரியம்மாளும் வீட்டோடு ஆனார்கள்.

அவர்களை இன்டர்வியூவுக்குத் தயார் செய்யும் வேலையை அதே தெருவின் கீர்த்தி தானாக ஏற்றுக்கொண்டாள். பகலில் ஆபீஸ், மாலையில் கேம்ப் பகுதியில் பர்சனல் மேனேஜ்மெண்ட் வகுப்பு, ஞாயிறன்று இவர்களுக்குப் பயிற்சி. இரண்டு இடங்களுக்கு அனுப்பினாள்; இரண்டிலிருந்தும் திரும்பி வந்துவிட்டார்கள். கோளாறு தன் பயிற்சியில்தானோ என்ற சந்தேகம் அவளைக் குடைந்தது.

"சாந்தாக்கா, 'உங்களப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"என்னத்தச் சொல்ல? ஏதோ கொஞ்சம் வேல தெரியும்."

"கொஞ்சம்னு சொல்லாதீங்க! பதினாறு வருஷம் செஞ்சிருக்கீங்க."

"நம்மள நாமே தூக்கி வெச்சுப் பேசுறதா, டீச்சர்? சந்தையில மாடுகூடத் தன் பல்லத் தானே காட்டாது."

"நீ பல்லக் காட்டினா வாங்க வந்தவன் ஓடிடுவான்டி" என்றாள் மரியம்மாள்.

மூன்றாவது இடம் லோஹேகாவ் பக்கம், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கிச்சன். பேக்கிங்குக்கு இரண்டு பேர் வேண்டும். இதுவும் போனால் அடுத்து எங்கே அனுப்புவது என்று கீர்த்திக்குத் தெரியவில்லை.

முதலில் சாந்தகுமாரியைக் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. மேனேஜர் இந்தியில் கேட்டார். பதில் வெளியே பெஞ்சில் இருந்த கீர்த்தியின் காதில் விழுந்தது.

"தோடா தோடா ஆத்தா ஹை, சாஹப்."

மேனேஜர் ஃபைலை மூடும் சத்தமும் கேட்டது.

"தோடாவாம், கொஞ்சம்தான் தெரியுமாம்!" மரியம்மாள் பல்லைக் கடித்தாள். "லைன்ல அவ பூட்டின டார்ச்சு ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? சொல்லித் தொலையேன்டி பாவி!"

கீர்த்தி அவளையே பார்த்தாள். பிறகு, என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கதவைத் தட்டிவிட்டாள்.

"சார், இவங்களையும் உள்ள கூப்பிடுங்க. அவங்களப் பத்தி இவங்களக் கேளுங்க."

"இது என்ன புது முறை?"

"தெரியல சார். இப்பத்தான் தோணிச்சு."

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். மரியம்மாள் உட்காரவில்லை. அவளுடைய ஏரவாடா இந்தி மடை திறந்து கொட்டியது.

"சாஹப், இவ கைக்குத் தூக்கமே கிடையாது. கரண்டு போனா நாங்க எல்லாம் கதை பேசுவோம். இவ இருட்டுல ஸ்பிரிங் மாட்டிக்கிட்டு இருப்பா. ஆனா கோபம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டா."

"யாரு? இவதான் சாஹப் வம்புக்கு வருவா!" சாந்தகுமாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆனா புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு இவதான் வேல சொல்லிக் குடுப்பா. ஒருத்தியக்கூட அதட்டினதில்ல. திட்டுறது என்னய மட்டும்தான்."

"ரெண்டு பேரும் சண்டை போட்டா பேக்கிங் நின்னுடாதா?"

"வாய்தானே சாஹப் சண்ட போடுது? கைக்கு என்ன?" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். சாந்தகுமாரிக்குக் காலை ஷிப்ட், மரியம்மாளுக்கு மதியம்.

"அது ஆவாது, சாஹப்" என்றாள் சாந்தகுமாரி.

கதவருகே நின்ற கீர்த்தி ஓரடி உள்ளே வந்தாள். கைக்கு வந்த வேலை!

"ஒரே ஷிப்ட் போடுங்க. இவ இல்லாம நான் யார்கூடச் சண்ட போடுறது? உங்ககூடவா?"

மேனேஜர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அவசரமாகப் பேனாவை எடுத்து, இருவரையும் காலை ஷிப்டில் எழுதினார்.

பஸ் ஸ்டாப்பில் கீர்த்தி நடுவில் நின்றாள்.

"கோபத்தப் பத்தி ஏன்டி சொன்ன?"

"பொய்யா சொன்னேன்?"

"நல்லதச் சொல்லத்தானடி கூப்பிட்டாங்க!"

பஸ் வந்தது. இருவரும் வாக்குவாதம் குறையாமல் ஏறி, ஜன்னலோரம் யாருக்கு என்று அடுத்ததை ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டு நின்றுவிட்ட கீர்த்தி, பஸ் நகர்ந்த பிறகுதான் பதறிப் பின்னால் ஓடினாள்.