பாதுகாப்பான ஊர்

ஊருக்கு ஊர் அடிதடி, வெட்டுக்குத்து எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அண்ணனுடைய அரசாங்க உத்தியோகம். குடிபோக நல்ல ஊராகச் சொல்லும்படி தங்கை போனில் கேட்டதும், கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"நீ இருக்கிற ஊரைவிடப் பாதுகாப்பான ஊர் வேற இல்லம்மா. வீட்டுக்குள்ள அடிதடின்னு ஒரு புகார்கூட இல்ல."

"அவர் என்னை அடிக்கறதை நான் யார்கிட்டயும் சொல்லலையேண்ணா."

அண்ணன் கணினியை அணைத்தார். பிறகு விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். சாயங்காலம் தங்கையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்.

"எங்க ஊருக்குன்னு ஒரு நல்ல பேரு இருக்கு சார்" என்று இழுத்தார் ஏட்டு.

"தெரியும். அதைக் குடுத்ததே எங்க ஆபீஸ்தான். எழுதுங்க."

தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். கணக்குப்படி அண்ணன் ஊரில் குற்றங்கள் கொஞ்சம் அதிகம்தான்.