முனிரத்தினத்தின் ராணுவ சேவை

என் ராணுவ சேவையைப் பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் பேருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் எங்கள் ஊரைத் தாண்டிப் போனதே இல்லை. அதுதான் காரணம்.

நல அலுவலகத்து அம்மாள் பொறுமையாகவே விளக்கினார். முன்னாள் படைவீரருக்கான மாநிலச் சலுகைக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். படையில் இருந்திருக்க வேண்டும். அதே காலத்தில் மாநிலத்தை விட்டு நகராமலும் இருந்திருக்க வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது, முனிரத்தினத்திடம் மற்றொன்று. வசித்ததை மாற்ற முடியாது, சேவையை மாற்றலாம் என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை. என் மகள் ஹேமாவதிக்கு நர்சிங் கல்லூரியில் படைவீரர் பிள்ளைகளுக்கான இடம் வேண்டும். சேர்க்கை இன்றோடு முடிகிறது.

விடுப்பில் வரும்போதெல்லாம் அவளோடு ஒரு விளையாட்டு உண்டு. காவல் நிற்கும் சிப்பாய் மாதிரி வாசலில் மறித்து, "தம், கௌன் ஆத்தா ஹை?" என்பேன். நில், யார் வருவது என்று அர்த்தம். "நான்தாம்பா" என்றால் விடமாட்டேன். "தோஸ்த்" என்று சொல்ல வேண்டும், நண்பன் என்று. அப்படித்தான் வளர்ந்தாள்.

சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியலமைப்பில் இருக்கிறதே என்று அம்மாளிடம் கேட்டேன்.

"அது வராண்டா கடைசியில," என்றார்.

நடந்தேன். வராண்டா நீண்டுகொண்டே போனது. மின்விசிறிகள் தீர்ந்தன. கடுகு வயல் வந்தது. பிறகு பனி. அங்கே ஒரு நீதிபதி குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சமம்தான்," என்றார். "மாநிலத்துக்குள்ள இருக்கறவங்க எல்லாரும் சமம். நீங்க எங்க இருந்தீங்க?"

"எல்லையில, ஐயா."

"எல்லைன்றது உள்ளயா, வெளியயா?"

இத்தனை வருடம் அங்கே நின்றும் இதை நான் யோசித்ததில்லை. முன்னால் பார்த்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். முதுகுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீதிபதியும் யோசித்தார். யோசித்து முடிக்க இன்னொரு குளிர்காலம் ஆகும் என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான்.

திரும்பி வந்தேன். வராண்டாவில் நான் மாநிலத்தைத் தாண்டிவிட்டதால், கொஞ்சநஞ்சம் வசித்திருந்ததும் ரத்தாகிவிட்டது என்றார் அம்மாள். ஒரு வழி மட்டும் இருந்தது. முனிரத்தினம் இப்போது முழுத் தகுதியுள்ள முன்னாள் படைவீரர். அவருக்குப் பிள்ளை கிடையாது.

"பொண்ணையும் அவர் பேருக்கு மாத்திடுங்க. சீட்டு உடனே கெடச்சிடும்."

முனிரத்தினம் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்து இடது பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பனியில் விரல்கள் போனது என் பாதத்தில். வலி சேவையோடு அவரிடம் போய்விட்டது.

"குளுரு தாங்கல, ஹவில்தாரே," என்றார். "நீங்க எப்படித்தான் இருந்தீங்க அங்க?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நல்ல மனுஷன். கையெழுத்துப் போட்டேன்.

சீட்டு கிடைத்தது. ஹேமாவதி தன் துணிகளை என் கறுப்பு டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பெட்டிமேல் நான் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்த பெயர் முனிரத்தினம் என்று மாறியிருந்தது. கையெழுத்து மட்டும் என்னுடையது.

சாயங்காலம் அவளுக்குப் பிடித்த புளிச்சாதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"தம். கௌன் ஆத்தா ஹை?"

ஹேமாவதியின் குரல். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"நான்தாம்மா," என்றேன்.

கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் மூச்சு விடுவது கேட்டது. தூக்குச்சட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"தோஸ்த்," என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது.