சுவருக்குள் உறங்கியவர்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு வரிதான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்: “வெள்ளைக்காரன் காலத்துல எங்கூர்ல ஒரு வூட்டுச் சொவரு கத்துச்சாம்.” பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். யார் வீடு, ஏன் கத்தியது, ஒன்றும் தெரியாமல் என் டீ ஆறிப்போனது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. அளவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள். பாதியே பிரமாதமாக இருக்கும்.

2

தொடக்கம் ஒன்று: “1941, சித்திரை. கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே வெயில் தன் கொடூரமான —”

(அடித்துவிட்டேன். வெயிலில் தொடங்கும் கதைகளை அடுக்கினால் ஏரிக்கே கரை கட்டலாம்.)

தொடக்கம் இரண்டு: “தவளை கண்ணை மூடிக்கொண்டது.”

ஆகா, இது. பள்ளிக்கூடத்தில் ‘குளிர்கால உறக்கம்’ என்று படித்திருப்பீர்கள். பனியில் கரடி தூங்குமாம். திண்டிவனத்தில் ஏது பனி? மார்கழிக்குத் தலையில் ஒரு துண்டைக் கட்டினால் முடிந்தது. நம் பக்கத்துப் பிராணி வெயிலுக்கு ஒளிந்து தூங்குகிறது. ஏரி வற்ற வற்ற, சில தவளைகள் பின்காலால் மண்ணைத் தோண்டி இறங்கி, மூச்சைச் சுருக்கிக்கொண்டு, மழை வரும்வரை சோறு தண்ணி கேட்காமல் கிடக்கும்.

இந்தத் தூக்கத்தை நாம் பேச்சில் எல்லாவற்றுக்கும் வாரி வழங்கிவிட்டோம். கேஸ் தூங்குகிறது, ரோடு போடும் திட்டம் தூங்குகிறது. இந்தக் கதையின் வீரம்மாள் கொடுத்த மனுவும் மூன்று வருஷம் தூங்கியது. தவளையாவது தானாக எழுந்துகொள்ளும்.

3

வீரம்மாளுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பிறர் கழனியில் நாற்று நட்டு, பிறர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி, பிறர் மனையில் குடிசை போட்டிருந்தாள். புறம்போக்கில் வீட்டுமனை கேட்டுப் போட்ட மனு ஒருவழியாகக் கண் திறந்தது. உத்தரவு இப்படி: முப்பது நாளில் சுவரும் கூரையும் எழும்பி, ஆள் குடியிருக்க வேண்டும். தவறினால் மனை போச்சு.

அந்த உத்தரவை ஊர் மணியக்காரர் வேங்கடேசன் தன் மேஜையில் இன்னும் பத்தொன்பது நாள் தூங்கவைத்தார். அந்த இடத்தில் வைக்கோல் போர் போட அவருக்கு ஆசை.

“பதினோரு நாள் கீது. ஜல்தியா கட்டிக்கோ” என்றார், தூரத்தில் நின்ற வீரம்மாளிடம்.

மண்சுவர் ஜல்தியாக வராது. ஏரி மண்ணை வைக்கோல் போட்டு மிதித்து, புளிக்கவிட்டு, முழ உயரம் ஒரு படை வைத்து, அது காய்ந்தபின் அடுத்த படை வைக்க வேண்டும். ஒரு மாசமாவது பிடிக்கும். வீரம்மாள் நேராக ஏரியின் நடுப்பள்ளத்துக்குப் போனாள். தண்ணீர் கடைசியாக வற்றிய இடம். மண் இன்னும் பசையாக இருந்தது.

“மிதிக்க வாணாம், புளிக்க வாணாம். அப்படியே கட்டி கட்டியா வெட்டி அடுக்கிடலாம்” என்றாள்.

“இன்னா அது, அல்வாவா?” என்றான் அவள் புருஷன் பெரியதம்பி.

“நீ தூக்கு. அப்பால தின்னலாம்.”

மிதித்திருந்தால் மண்ணுக்குள் இருந்தவை அப்போதே வெளியே வந்திருக்கும்.*

* எத்தனை தவளைகள்? முதல் படியில் நாற்பது என்று எழுதினேன். இரண்டாம் படியில் நானூறு. நாற்பதுக்கே திரும்பலாமா என்று ஒரு வாரம் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

4

[பெரியதம்பியைப் பற்றி ஒரு சந்தேகம். கதைக்குப் பொருத்தமாக அவனைத் தூங்குமூஞ்சியாக்கப் பார்த்தேன். “பெரியதம்பி கயிற்றுக் கட்டிலில் —” என்று தொடங்கினேன். அவன் படுக்க மாட்டேன் என்றுவிட்டான். பகலெல்லாம் கூலி வேலை, அந்தியில் ஏரி மண். ஒன்பது நாளில் இரண்டாயிரம் கட்டி சுமந்தவனை எப்படிப் படுக்கவைப்பது?]

பத்தாம் நாள் பனையோலைக் கூரையும் ஏறியது. அங்கேதான் சிக்கல். கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. கத்திரியில் யாரும் புது வீட்டில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்ச மாட்டார்கள். மூட்டினால் அந்தக் குடும்பம் விளங்காது என்பது ஊர்ப் பேச்சு. மணியக்காரர் கணக்கு அதுதான். சுவர் இருக்கும், கூரை இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள்.

“கத்திரி முடியட்டும்டி” என்றான் பெரியதம்பி. “ரெண்டு வாரந்தானே.”

“ரெண்டு வாரத்துல இங்க வக்கப்போரு நிக்கும்.”

“ஏதாவது ஆயிப்போச்சுன்னா?”

அவளுக்கும் பயம்தான்.

பதினோராம் நாள் பிற்பகல் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாசிலாமணி திண்டிவனத்திலிருந்து சைக்கிளில் வந்தார். கூடவே வந்தது கோடை மழை. அப்படி ஒரு மழையை — வேண்டாம், நனைந்துவிடுவீர்கள். எல்லோரும் கூரைக்குள் ஓடினார்கள். மணியக்காரர் மட்டும் தீட்டுக்கு அஞ்சி வெளியே குடையோடு நின்றார்.

“எழுதிக்குங்க சார்” என்றார் குடைக்கு அடியிலிருந்து. “சட்டி கெடயாது, பானை கெடயாது. குடி இல்ல.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அப்போது மேற்குச் சுவர் ‘கொர்ர்’ என்றது. வடக்குச் சுவர் பதில் சொன்னது. பிறகு நான்கு சுவரும் சேர்ந்துகொண்டன. மண் பொக்கென்று உதிர, ஓட்டையிலிருந்து ஒரு தவளை தலையை நீட்டி, அரசாங்கத்தை நேருக்கு நேர் பார்த்தது.

“இன்னாம்மா இது?” என்றார் இன்ஸ்பெக்டர், காலைத் தூக்கிக்கொண்டு.

“குடித்தனங்க சாமி” என்றாள் வீரம்மாள். “எங்களுக்கு முன்னாடியே வந்துட்டாங்க.”

“பேஜாரா போச்சு சார், இது வூடா, ஏரியா?” என்றார் மணியக்காரர்.

“தவளையை எல்லாம் குடின்னு எழுத முடியாதும்மா” என்றார் இன்ஸ்பெக்டர். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

5

முடிவு (அ): சுவர் இடிந்து விழுகிறது. எழுதினேன். இரண்டாயிரம் கட்டி சுமந்த தோளை நினைத்துக் கிழித்துப்போட்டேன்.

முடிவு (ஆ): இன்ஸ்பெக்டர் மனம் உருகி, மணியக்காரர் மன்னிப்புக் கேட்டு — இவ்வளவு பெரிய பொய்யை நானே சொல்ல மாட்டேன்.

முடிவு (இ): வீரம்மாள் மழையில் இறங்கி ஓடினாள். பழைய குடிசையிலிருந்து கூழ்ப்பானையும், முந்தானைக்குள் மறைத்த தீப்பெட்டியும், ஒரு கை விறகுமாகத் திரும்பி வந்தாள். பால் இல்லை, கேப்பைக் கூழ்தான். மிச்சமிருந்த மூன்று மண்கட்டிகளை அடுப்பாகக் கூட்டி வைத்தாள்.

“வீரம்மா, கத்திரிடி” என்றான் பெரியதம்பி.

“தெரியுது. ஊது.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து ஊதினான். ஈர விறகு புகைந்து, இருமவைத்து, பற்றிக்கொண்டது. சுவர்கள் ஒரு கணமும் வாயை மூடவில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகைதான். தாளை முழங்காலில் வைத்தார். “எத்தினி பேருன்னு போடட்டும்?” என்றார்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நான் போட்டால் நானூற்று இரண்டு என்று போட்டுவிடுவேன், மணியக்காரர் மேல்மனுப் போடுவார். தாள் நனைவதற்குள் நீங்களே நிரப்புங்கள்.

மனையில் குடியிருப்போர்: ________